கிரியேட்டினின் 'நார்மல்' என்றால் வயதானவர்களின் கிட்னி நன்றாக இருக்கிறதா?

வடாலாவில் வீட்டுக்குப் பக்கத்து லேபில் உங்கள் 78 வயது அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கிரியேட்டினின் 1.0 மில்லிகிராம். "நார்மல்தான், பயமில்ல" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவீர்கள். சிக்கல் அங்கேதான்.

அதே 1.0 ஒரு 30 வயது ஆணுக்கு வந்தால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைச் சொல்லும் 'இ-ஜிஎஃப்ஆர்' சுமார் 104. உங்கள் அம்மாவுக்கோ சுமார் 58 (2021 சிகேடி-எபி சூத்திரப்படி). இது மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்?

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. வயதாக ஆக தசை குறையும், கழிவும் குறையும். அதனால் சிறுநீரகம் மந்தமானாலும் எண் பெரிதாக ஏறாது. சூத்திரத்துக்கு வயதும் பாலினமும் தெரியும். அம்மா எவ்வளவு மெலிந்துவிட்டார் என்பது தெரியாது. கிரியேட்டினின் சூத்திரங்கள் இந்தியர்களின் சிறுநீரகத் திறனைக் கூட்டிக் காட்டுவதாக சண்டிகர் பிஜிஐ ஆய்வாளர்களும் 2018-இல் தெரிவித்தனர்.

யூரியா போதாதா?

போதாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலே யூரியா ஏறும். புரதம் குறைவாகச் சாப்பிட்டால் இறங்கும்.

சிஸ்டாட்டின் சி என்பது என்ன?

உடலின் கிட்டத்தட்ட எல்லா செல்களும் உருவாக்கும் சிறு புரதம். தசை அளவு இதை அதிகம் பாதிக்காது. ஆனால் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம், உடல் பருமன் ஆகியவை இதை மாற்றும். எனவே கிரியேட்டினின் கணக்கு சந்தேகமாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது, 2024 'கேடிகோ' சர்வதேச வழிகாட்டுதல்.

மருந்தில் என்ன மாறும்?

அதே அம்மாவுக்கு சிஸ்டாட்டின் சி 1.7 என்று வந்தால், கூட்டுக் கணக்கில் இ-ஜிஎஃப்ஆர் சுமார் 44. 45-க்குக் கீழே போனால் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். 30-க்குக் கீழே என்றால் நிறுத்திவிடுவார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் நீங்களே வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் ஆபத்தாகலாம்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

சிஸ்டாட்டின் சி எல்லோருக்கும் தேவையில்லை. விலையும் கூடுதல். சயான் மருத்துவமனையோ, பரேல் கேஇஎம்மோ, எங்கே காட்டினாலும் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், அம்மா ரொம்ப மெலிஞ்சுட்டாங்க. இ-ஜிஎஃப்ஆர் எவ்வளவு? சிஸ்டாட்டின் சி பாக்கணுமா? யூரின்ல அல்புமின் டெஸ்ட் எடுக்கணுமா?"

பதில் வரும்வரை, எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.