பதிமூன்றுக்குப் பதிமூன்று

எங்க பெரியப்பா காமராஜர் பக்தர். சைதாப்பேட்டைவாசி. 1967லயும் 1971லயும் கலைஞருக்கு எதிரா ஓட்டுப் போட்டு ரெண்டு தடவையும் தோத்தவர். சாகற வரைக்கும் அந்தக் கடுப்பு அவருக்குத் தீரல. யாராவது "தேர்தல்ல தோக்காத ஒரே தலைவர்"னு ஆரம்பிச்சா போதும், வெத்தலையை ஓரங்கட்டிட்டு, "தோக்கல இல்லடா, தோக்கறதுக்கு முன்னாடி தொகுதி மாத்திக்கிட்டாரு"ன்னு பிடிச்சுக்குவார்.

நான் அந்தப் பக்கம். அதனால எங்க வீட்டுல ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்போட சேர்த்து இந்தச் சண்டையும் உண்டு. பெரியப்பா இப்ப இல்லை. போன வாரம் ஏதோ தேடப்போய், கலைஞர் நின்ன 13 சட்டமன்றத் தேர்தல் கணக்கையும் ஒரு தாள்ல வரிசையா எழுதிப் பார்த்தேன். எழுதி முடிச்சதும் கொஞ்சம் உறைச்சுது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல 1957. குளித்தலை. தி.மு.க. சந்திச்ச முதல் பொதுத்தேர்தல். கலைஞர் 8,296 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். அண்ணாவோட சேர்த்து 15 பேர் சட்டமன்றத்துக்குப் போனாங்க. அங்க அவர் பேசின கன்னிப்பேச்சு தன் தொகுதியில இருந்த நங்கவரம் விவசாயிகள் பிரச்சினையைப் பத்தித்தான்.

அடுத்தது 1962. அந்த 15 பேரையும் மறுபடி உள்ளே விடக்கூடாதுன்னு காமராஜர் குறி வச்சு வேலை பார்த்தார். கட்சி 50 இடம் ஜெயிச்சும், பழைய 15 பேர்ல 14 பேர் தோத்துப் போனாங்க. காஞ்சிபுரத்துல அண்ணாவே தோத்தார். மிஞ்சின ஒரே ஆள் கலைஞர். ஆனா அவர் நின்னது குளித்தலையில இல்ல, தஞ்சாவூர்ல. அங்க செல்வாக்கான காங்கிரஸ் வேட்பாளர் பரிசுத்த நாடாரை 1,928 ஓட்டுல ஜெயிச்சார்.

இங்கதான் பெரியப்பா முதல் புள்ளி வைப்பார். "பாத்தியா, குளித்தலையிலயே நின்னிருந்தா?" நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாருக்கும் தெரியாது. ஆனா தஞ்சாவூர் ஒண்ணும் பஞ்சு மெத்தை இல்ல. ரெண்டாயிரம் ஓட்டுகூட வித்தியாசம் வரலையே!

சரி, இனிமேல்தான் விஷயம். ஒரே தொகுதியில அவர் மறுபடி நின்ன இடங்களை மட்டும் தனியா எடுத்து, ஓட்டு வித்தியாசத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

சைதாப்பேட்டை: 1967ல் 20,482. 1971ல் 12,511.
அண்ணா நகர்: 1977ல் 16,438. 1980ல் வெறும் 699.
துறைமுகம்: 1989ல் 31,991. 1991ல் 890.
சேப்பாக்கம்: 1996ல் 35,784. 2001ல் 4,834. 2006ல் 8,526.

கவனிச்சீங்களா? சென்னையில நாலு தொகுதி. நாலுலயும் ரெண்டாவது தடவை வித்தியாசம் விழுந்திருக்கு. லேசா இல்ல, சறுக்கு மரத்துல விழுந்த மாதிரி. அதுல மூணு தொகுதியில மூணாவது தடவை அவர் நிக்கவே இல்ல.

பெரியப்பா இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் இல்ல. சைதாப்பேட்டையில வீடு வீடா ஓட்டுக் கேட்டு அலைஞ்சவர், அவ்வளவுதான். ஆனா அவர் மூக்குக்கு வாசனை தெரிஞ்சிருக்கு. நான்தான் சிரிச்சேன்.

அதுக்காக கட்சி மாறிட்டேன்னு நினைச்சுடாதீங்க :-) மனுஷனுக்கு மனுஷன் நியாயம் வேணும் இல்லையா? ஒவ்வொரு சரிவுக்கும் பின்னால அடிச்ச காத்தையும் பார்க்கணும்.

1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தல்ல தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டுல 39க்கு 37 அள்ளுச்சு. அடுத்த மாசமே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டுது. கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. மே மாசம் ஜனங்க அப்படியே திருப்பிப் போட்டு எம்.ஜி.ஆரை உட்கார வச்சாங்க. அண்ணா நகர்ல எதிர்த்து நின்னவர் ஹெச்.வி. ஹண்டே. 51,290க்கு 50,591. ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக் கூட்டம்தான் வித்தியாசம்.

1991ஐச் சொல்லவே வேண்டாம். மே 21 ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன்ல ஓட்டுப்பதிவு. அ.தி.மு.க. கூட்டணிக்கு 225 இடம். தி.மு.க. ஜெயிச்சது ரெண்டே தொகுதி: துறைமுகம், எழும்பூர். துறைமுகத்துல காங்கிரஸ் வேட்பாளர் சுப்புவை 890 ஓட்டுல ஜெயிச்ச கலைஞர், அந்தப் பதவியையும் ராஜினாமா பண்ணிட்டார். அந்தப் புயல்ல 890 வந்ததே பெரிசுன்னு நான் சொல்வேன். "ஜெயிச்சும் இருக்கலையே"ன்னு பெரியப்பா சொல்வார்.

2001லயும் இதே கதைதான். ஆட்சி போன வருஷம். ஆக, மூணு சரிவுக்குக் காத்தைச் சாட்சி சொல்லலாம்.

ஆனா 1971? அங்கதான் என் வாதம் நொண்டியடிக்குது. அந்த வருஷம் காத்து முழுக்க தி.மு.க. பக்கம். 184 இடம். அது அந்தக் கட்சியோட உச்சம். அவர் முதலமைச்சர் வேற. அப்படி இருந்தும் சொந்தத் தொகுதியில வித்தியாசம் எட்டாயிரம் குறைஞ்சிருக்கு. 1967ல ராஜாஜி தி.மு.க. கூட்டணியில இருந்தார், 1971ல காமராஜரோட சேர்ந்து எதிர்ல நின்னார்ங்கறது ஒரு காரணமா இருக்கலாம். இன்னொரு காரணம், எங்க பெரியப்பா மாதிரி ஆளுங்க தெருத்தெருவா அலைஞ்சதாவும் இருக்கலாம். அவர் சும்மா தோக்கல, எட்டாயிரம் குறைச்சுட்டுத் தோத்திருக்கார். இது அவருக்கே தெரியாது.

இப்ப கலைஞர் பக்கத்துக்கு ரெண்டு வார்த்தை.

ஒண்ணு: 13 வெற்றியில கட்சி ஆட்சிக்கு வந்தது 1967, 1971, 1989, 1996, 2006. அஞ்சு தடவை. மிச்சம் எட்டுத் தடவை கட்சி தோத்து, இவர் மட்டும் ஜெயிச்சிருக்கார். காத்துல பறந்த காகிதத்துக்கு இது வராது. அண்ணா 1962ல தோத்தார். காமராஜர் 1967ல விருதுநகர்ல 1,285 ஓட்டுல தோத்தார். ஜெயலலிதா 1996ல பர்கூர்ல தோத்தார். பெரிய ஆளுங்க விழுந்த பட்டியல் அது.

(1984ல நிக்கலையேன்னு கேட்பீங்க. 1983ல ஈழத்தமிழர் பிரச்சினைக்காக எம்.எல்.ஏ. பதவியை விட்டுட்டு, அடுத்த வருஷம் மேலவைக்குப் போனார். எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஜெயிச்ச தேர்தல் அது. பெரியப்பா இதையும் ஒரு புள்ளியா வைப்பார்.)

ரெண்டு: திருவாரூர். 2011ல அவர் அங்க போனப்போ பெரியப்பா போன்ல சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. "சென்னை முடிஞ்சு போச்சு, ஊருக்கு ஓடிட்டாரு உங்காளு!" எனக்குப் பதில் தெரியல. விஷயம் என்னன்னா, 2006 வரைக்கும் திருவாரூர் தனித் தொகுதி. தொகுதி மறுசீரமைப்புக்கு அப்புறம்தான் பொதுத் தொகுதி ஆச்சு. படிச்சு வளர்ந்து அரசியலுக்கு வந்த ஊர்ல நிக்க அவருக்கு வழி கிடைச்சதே 86 வயசுலதான். அந்தப் பக்கம் சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோட கலந்து பழைய உருவமே போயிடுச்சு. ஓடல, வழி திறந்ததும் போயிருக்கார்.

அங்க என்ன ஆச்சு? 2011ல் 50,249. கட்சிக்கு மொத்தமே 23 இடம் கிடைச்ச வருஷம் அது. 2016ல் 68,366. அந்தத் தேர்தல்ல மாநிலத்துலயே அதிக வித்தியாசம். ரெண்டாவது தடவை வித்தியாசம் ஏறின ஒரே தொகுதி. சென்னை நாலு முறை இறக்கினதை திருவாரூர் ஒருமுறை ஏத்திக் காட்டிடுச்சு. 2018 ஆகஸ்ட் 7 அவர் மறையறப்போ திருவாரூர் எம்.எல்.ஏ.வாத்தான் மறைஞ்சார்.

கேரளாவுல கே.எம். மாணின்னு ஒருத்தர். அவரும் 13 வெற்றி, 1965லேர்ந்து 2016 வரைக்கும். ஆனா பதிமூணும் பாலாங்கற ஒரே தொகுதி. கலைஞருக்கு ஏழு தொகுதி. எது பெரிசு? ஒரே ஊர் மூஞ்சியில அம்பது வருஷம் முழிக்கிறதும் கஷ்டம், ஏழு ஊர்ல புதுசா போய் நிக்கிறதும் கஷ்டம். ஆனா ஒண்ணு தோணுது. எம்.எல்.ஏ.ங்கறவர் திரும்ப வந்து கணக்குக் காட்டணும், ஓட்டுப் போட்டவன் மார்க் போடணும். குளித்தலைக்காரனுக்கும் தஞ்சாவூர்க்காரனுக்கும் அந்த வாய்ப்பே கிடைக்கல. பெரியப்பா கேட்டது இதைத்தான். எனக்கு அது அப்பல்லாம் வயித்தெரிச்சலா மட்டுமே தெரிஞ்சுது.

2016 முடிவு வர்றதுக்கு முன்னாடியே பெரியப்பா போயிட்டார். இருந்திருந்தா இந்தத் தாளை எடுத்துட்டுப் போய் திருவாரூர் கணக்கைக் காட்டியிருப்பேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நேரா 1971ல விரலை வச்சு, "எட்டாயிரமாடா குறைஞ்சுது?"ன்னு கேட்டிருப்பார்.

ஆமா பெரியப்பா. ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தி ஒண்ணு.