விலை, கூலி, வாடகை: சென்னை மாகாணத்தின் போர்க்காலக் கட்டுப்பாடுகள்

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பரிலேயே இந்தியப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. அதன் கீழ் எழுதப்பட்ட விதிகளில் 81ஆவது விதி, எந்தப் பண்டம் என்ன விலைக்கு விற்கலாம், எவ்வளவு இருப்பு வைக்கலாம், எங்கே கொண்டுபோகலாம் என்பதையெல்லாம் ஆணையாகப் போடும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அடுத்த மாதமே ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. 1946 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தில் ஆளுநர் ஆட்சிதான். ஆகவே அரிசி விலை முதல் வீட்டு வாடகை வரை எல்லாவற்றிலும் அரசு கைவைத்த அந்த ஆண்டுகளில், அதைப் பற்றிக் கேள்வி கேட்க ஒரு சட்டமன்றம் இல்லை. யாரும் வாக்களிக்காமல் பிறந்த இந்த ஆணைகளைப் பின்னாளில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களே சட்டமாக்கி நீட்டித்தன. அவற்றுள் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விலை ஏறியதற்கு வியாபாரிகளின் பேராசை மட்டும் காரணமில்லை. இந்தியாவில் பிரிட்டன் செய்த போர்ச் செலவுக்கு லண்டனில் ஸ்டெர்லிங்காக வரவு வைத்துக்கொண்டு, இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஆறு மடங்கானது. நோட்டை ஒரு கையால் பெருக்கிக்கொண்டு மறு கையால் விலையைக் கட்டிப்போடப் பார்த்தது அரசு. 1941 டிசம்பரில் கோதுமைக்கு மணங்கு ஒன்றுக்கு 4 ரூபாய் 6 அணா என்று உச்சவிலை வைத்தபோது நடந்தது, பிறகு வந்த எல்லா விலை ஆணைகளுக்கும் ஒரு முன்னோட்டம். கோதுமை சந்தையிலிருந்து மறைந்தது. உச்சவிலையை உயர்த்திப் பார்த்தும் பயனில்லாமல் 1943 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். கையில் சரக்கு இல்லாத அரசு போடும் விலை ஆணை வெறும் காகிதம்தான்.

சென்னை மாகாணத்துக்கு நெருக்கடி வேறு திசையிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதோடு பர்மா அரிசி நின்றது. மலபாரும் அண்டையிலிருந்த திருவிதாங்கூரும் கொச்சியும் கப்பலில் வந்த அரிசியை நம்பியே அடுப்பு மூட்டியவை. அவற்றுக்கு இது பேரிடி. கிருஷ்ணா, கோதாவரி, காவிரிப் படுகைகளின் உபரி நெல்லை அரசே கொள்முதல் செய்து பற்றாக்குறைப் பகுதிகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 1943இல், வங்காளம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டில், சென்னை நகரில் குடும்ப அட்டையும் பங்கீடும் வந்தன. விலைக்கட்டுப்பாடு இங்கே ஓரளவு பலித்ததென்றால் அதற்குக் காரணம் ஆணையின் கடுமை அன்று. கொள்முதல், போக்குவரத்துத் தடை, அட்டை, கடை என்ற முழுச் சங்கிலியையும் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டதே காரணம். அதற்கும் ஒரு விலை இருந்தது. மாவட்ட எல்லையைத் தாண்டி ஒரு மூட்டை அரிசி கொண்டுபோவது குற்றமாயிற்று. அரிசிக் கடத்தல் ஒரு தொழிலாயிற்று. 1946இல் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 12 அவுன்ஸ் தானியம் என்று பங்கீடு சுருங்கியது. அதில் அரிசிக்குப் பதில் வேறு தானியமும் சேர்ந்து வந்தபோது, சோறு உண்டே பழகிய வீடுகளில் எழுந்த முணுமுணுப்பை ஊகிக்கலாம்.

போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1947இன் இறுதியில் காந்தியடிகள் வற்புறுத்தியதால் மத்திய அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. விலை எகிறவே மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தது. துணிந்து வெட்டியவர் ராஜாஜிதான். 1952 ஏப்ரலில் முதலமைச்சரானவர் ஜூன் மாதம் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அவருக்குத் துணை நின்றார். பதுக்கிவைத்த அரிசி வெளியே வரும் என்று ராஜாஜி போட்ட கணக்கு பொய்க்கவில்லை. அவருடைய பொருளாதாரக் கொள்கைகளில் பலவற்றை ஏற்காதவர்களும் இந்த ஒரு முடிவில் அவருக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

ஆனால் கட்டமைப்பு அழியவில்லை. 1946இல் வந்த அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக அதிகாரங்கள்' என்ற சொற்கள் இருந்தன. 1955இல் அந்தச் சொற்களை உதிர்த்துவிட்டு அது நிரந்தரமானது. 1965இல் தொடங்கிய இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே மேடைப் பேச்சானது. போர்க்காலத்தில் தண்டனைபோல் வந்த ரேஷன் கடை, ஒரு தலைமுறைக்குள் மக்கள் உரிமையோடு கேட்டு வாங்கும் ஒன்றாக மாறிவிட்டது.

கூலியின் கதை வேறு. அமெரிக்காவில் கூலிக்கு உச்சவரம்பே விதித்தார்கள். இங்கே அப்படி நேரடியாகச் செய்யாமல், அடிப்படைச் சம்பளத்தை அப்படியே வைத்துவிட்டு, ஏறிய விலைக்கு ஒரு பஞ்சப்படியைத் தனியாகச் சேர்த்தார்கள். பின்னாளில் அரசமைப்பு ஆலோசகராகப் புகழ்பெற்ற பி. என். ராவ் தலைமையிலான விசாரணை மன்றம் 1940இல் ரயில்வே ஊழியர்களுக்காக இதைப் பரிந்துரைத்தது. விலை இறங்கியதும் இந்தப் பஞ்சப்படி மறையும் என்பது எண்ணம். விலை இறங்கவில்லை. 1936ஐ 100 என்று வைத்த சென்னை நகர வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணில் ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று கணக்கிடும் ஒப்பந்தங்கள் நம் ஆலைகளில் பல பத்தாண்டுகள் நடந்தன. வேலைநிறுத்தங்களை அடக்க 1942இல் சேர்த்த 81-அ விதி, தகராற்றைக் கட்டாயத் தீர்ப்புக்கு அனுப்ப அரசுக்கு வழிதந்தது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் அந்த வழியைத் தனதாக்கிக்கொண்டது.

மூன்றிலும் நெடுநாள் வாழ்ந்தது வாடகைக் கட்டுப்பாடுதான். அரிசியைப் பதுக்கலாம், வீட்டைப் பதுக்க முடியாது. அதனால் வாடகை ஆணையை நிறைவேற்றுவது எளிது. போர்க்கால ஆணைகள் காலாவதியாகும் தறுவாயில், 1946இல், சென்னைக் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. பிறகு 1949இல் ஒன்று, 1960இல் ஒன்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையைக் கணக்கிட எடுத்துக்கொண்டது 1940 ஏப்ரல் 1க்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அக்கம்பக்கத்தில் நிலவிய வாடகையை. குறிப்பிட்ட சதவீதம் கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கட்டடத்தின் மதிப்பில் குடியிருப்புக்கு 9 சதவீதம், மற்றவற்றுக்கு 12 சதவீதம் என்ற கணக்கு 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது.

இதன் பலன் யாருக்கு? ஏற்கெனவே குடியிருப்பவருக்கு. புதிதாக வீடு தேடுபவருக்கு ஒன்றுமில்லை. ரேஷன் வரிசையில் நின்ற எல்லோரும் வரிசையை வெறுத்தார்கள், ஆகவே அதை நீக்கியவர் பாராட்டுப் பெற்றார். வாடகைக் கட்டுப்பாட்டிலோ பலன் பெறுபவர் கண்முன் இருக்கிறார், இழப்பவர் இன்னும் ஊருக்கே வந்து சேரவில்லை. சட்டமன்றங்கள் இதில் கைவைக்கத் தயங்கியது இதனால்தான் என்பது என் கணிப்பு. உரிமையாளரும் சும்மா இருக்கவில்லை. வாடகையை வாங்க மறுத்து, பாக்கி என்று வழக்குப் போட்டார்; குடியிருப்பவர் மணியார்டரில் அனுப்பி ரசீதைக் காத்தார், அல்லது வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமே பணத்தைக் கட்டினார். சுவர் உரிந்தது, கூரை ஒழுகியது, சொந்தக் குடியிருப்புக்கு வேண்டும் என்ற மனுக்கள் பெருகின. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சென்னைவாசிகள் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறியது இந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான்! 400 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் குடித்தனக்காரருக்குப் பாதுகாப்பு இல்லை என்ற பிரிவை உச்ச நீதிமன்றம் 1986இல் செல்லாதென்றது. கட்டுப்பாட்டின் எல்லை அதனால் இன்னும் விரிந்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் புதிய சட்டத்தைத் தமிழ்நாடு 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைப்படுத்தியது. வாடகை இனி இருதரப்பு எழுத்து ஒப்பந்தத்தின்படி. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பழைய சட்டத்தின் கீழ் அன்று நிலுவையில் இருந்த வழக்குகளை மட்டும் பழைய சட்டத்தின்படியே முடிக்கச் சொன்னார்கள்.