யாழ்தேவி, ஒரு படம், மூண்டு நாள் லீவு

புதுக் கலண்டர் கைக்கு வந்தால் கொழும்பில வேலை செய்யிற எங்கட ஆக்கள் முதல்ல பார்க்கிறது போயா எந்த நாளில விழுது எண்டுதான். வெள்ளியிலயோ திங்களிலயோ விழுந்தால் மூண்டு நாள் லீவு. உடனே திட்டம் தொடங்கிவிடும். ரெயினா, இரவு பஸ்ஸா? ரிக்கற் கிடைக்குமா? யாழ்ப்பாணத்தில என்ன படம் ஓடுது? வேலை தொடங்கிற அண்டு காலமை கந்தோரில நிக்கேலுமா? இது எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரண கதைதான். ஆனால் வேலை, படம், பயணம் ஆகிய மூண்டையும் ஒரே திட்டத்துக்குள்ள அடக்க எங்கட ஆக்களுக்கு எப்ப முடிஞ்சது, எப்ப முடியாமப் போனது எண்டு பார்த்துக்கொண்டு போனால், எங்கட அரசியல் வரலாற்றின் பெரும்பகுதி அதுக்குள்ளயே விளங்கிவிடும்.

வடக்கு ரெயில் பாதை கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை முழுமையாக ஓடத் தொடங்கியது 1905இல். மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் இலிகிதர்களாகவும் ஸ்டேசன் மாஸ்ரர்களாகவும் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள். கலியாணம் முடித்தவர்கள் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து வாடகை வீடு எடுத்து, ஒரு சமையல்காரரையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இதைத்தான் 'சமறி' எண்டு சொல்லுவினம். சம்பளம் வந்ததும் ஊருக்கு மணியோடர் போகும். லீவுக்கு ஆளும் போகும். யாழ்ப்பாணத்தை 'மணியோடர் பொருளாதாரம்' எண்டு சொல்லுறது இதாலதான். அரச ஊழியருக்கு ரெயிலில் இலவசமாகப் போக வருசாவருசம் 'வொறன்ற்' கிடைத்ததால், வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் அந்த வொறன்றையும் கோயில் கொடியேற்றத்தையும் பார்த்தே திட்டமிடப்பட்டது.

ஒரு விசயத்தை இதில மறைக்கக் கூடாது. இந்தத் திட்டம் பெரும்பாலும் ஆம்பிளையளின்ர திட்டம். நகரத்து வாழ்க்கையும் சமறியும் மாலைக் காட்சியும் அவருக்கு. பிள்ளைகள், தோட்டம், கிணறு, மாமியார் எல்லாம் ஊரில காத்திருந்த மனுசிக்கு. அவவின்ர உழைப்பு இல்லாமல் அவரின்ர லீவுக் கணக்கு ஒரு நாளும் சரிவந்திருக்காது.

அந்தக் காலத்துக் கொழும்புக்காரர் போகக்கூடிய இடம் ஊர் மட்டுமில்ல. 1914இலிருந்து 'போட் மெயில்' இருந்தது. கொழும்பிலிருந்து தலைமன்னாருக்கு ரெயின், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு மெட்ராசுக்கு ரெயின். வசதியானவர்கள் யாத்திரைக்கும் புடவை எடுக்கவும் போய்வந்தார்கள். படம் பார்க்க அந்தப் பக்கம் போகத் தேவையில்லை, படங்கள் இங்க வந்தன. யாழ்ப்பாணத்தில் வின்சர், றீகல், வெலிங்டன், மனோகரா, ராணி எண்டு தியேட்டர்கள். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்ப்படம் ஓடின. 1965இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தபோது அவர்களைப் பார்க்கச் சனம் திரண்டது. அதற்கு முதல் வருசம், 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. பழைய வழி அதோட முடிந்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது, 1980களின் யுத்தத்தோட அதுவும் நிண்டுபோச்சு.

இனி 1956க்கு வருவோம். ஏப்ரல் 12 அன்று எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமரானார். பதினொரு நாள் கழித்து, ஏப்ரல் 23 அன்று, யாழ்தேவி ஓடத் தொடங்கியது. யூனில் 'சிங்களம் மட்டும்' சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். இந்தத் திகதிகளை ஒண்டாக வைச்சுப் பாருங்கோ. கொழும்புக் கந்தோரையும் ஊர் வீட்டையும் ஒரே பகலில் இணைக்கிற விரைவு ரெயினும், தமிழரை அந்தக் கந்தோரிலிருந்து மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிற சட்டமும் ஒரே வருசத்துப் பிள்ளைகள். சிங்களத்தில் தேர்ச்சி இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை, பதவி உயர்வு இல்லை எண்டு வந்தபோது, லீவில போறதுக்கெண்டு வந்த ரெயினில் பலர் வேலையை விட்டிட்டுப் போனார்கள். 1958 கலவரத்தில் கொழும்புத் தமிழர்கள் அகதிகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டு யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டார்கள். அது அவர்கள் போட்ட பயணத் திட்டமில்லை.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. எங்கட சொந்தப் படங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்ததும் அந்தப் பத்தாண்டில்தான். 'குத்துவிளக்கு' 1972இல் வந்தது. 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி'யை எடுத்தார். 1978இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமானது. இந்தியப் படங்களோடு போட்டிபோட்டு இவை வசூலில் வெல்லவில்லை. ஆனாலும் எங்கட பேச்சும் எங்கட கடற்கரையும் திரையில் வந்தன.

பிறகு 1983 யூலை. கே. குணரத்தினம் எண்ட தமிழ் முதலாளி சிங்கள சினிமாவின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் 'சந்தேசய' (1960) அவர் தயாரித்த படம். ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களச் சனம் ரசித்த சிங்களப் படங்களும் அந்த நெருப்பில் அழிந்தன. உயிர் தப்பிய கொழும்புத் தமிழர்கள் இரண்டாம் தடவையாகக் கப்பலில் வடக்குக்குப் போனார்கள். 25 வருசத்துக்குள்ள அதே கடல், அதே துறைமுகம்.

1985 ஜனவரியில் யாழ்தேவி முறிகண்டியில் குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. அதில் இராணுவத்தினரோடு சாதாரண பயணிகளும் செத்தார்கள். 1990 யூனில் யாழ்ப்பாண ரெயில் சேவை முழுதாக நிண்டது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டார்கள். ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊர் சேர்ந்து விடியவிடியப் படம் பார்த்தார்கள். கொழும்புக்குப் போக வேண்டுமெண்டால் புலிகளிடம் பாஸ் எடுக்கவேணும், கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்கவேணும், பிறகு இராணுவச் சோதனை. அந்தக் கடலிலேயே செத்துப்போனவர்கள் பலர். கொழும்பு வந்து சேர்ந்தாலும் பொலிஸ் பதிவு, லொட்ஜ், இரவுச் சுற்றிவளைப்பு. வேலைக்கோ வெளிநாடு போகவோ வந்தவருக்கு ஒரு படம் பார்க்கப் போறதெண்டாலும் அடையாள அட்டையோடு ஒரு காரணமும் கையில இருக்கவேணும்.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையோடு ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் திரும்பவும் மூடியது. 2007 யூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. இந்தமுறை கப்பல் இல்லை, பஸ். செய்தி பழையதுதான்: நீ இங்க விருந்தாளி.

யுத்தம் முடிந்து ஐந்து வருசத்துக்குப் பிறகு, 2014 ஒக்ரோபர் 13 அன்று, யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. இருபத்திநாலு வருச இடைவெளி. இண்டைக்கு அந்த ரெயினில் வெள்ளவத்தையில் அறை எடுத்து வேலை செய்யிற எங்கட பெட்டையள் தனியாகப் போய்வருகினம். சமறிக் காலத்தில் நினைத்தும் பார்க்கேலாத மாற்றம் இது. அதே கோட்டை ஸ்டேசனில், புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யிற மலையகப் பெடியள் தீபாவளிக்கு ஊருக்குப் போக பதுளை ரெயினுக்குக் காத்து நிக்கினம். அவங்களுக்கு வொறன்ற் ஒருநாளும் இருந்ததில்லை. லீவுகூட முதலாளியின் மனசைப் பொறுத்தது. வடக்கு ரெயினின் கதையை மட்டும் தமிழரின்ர முழுக் கதை எண்டு நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தால் இவங்கள் திரும்பவும் பிளாற்போமில விடுபட்டுப் போவாங்கள்.

திட்டம் போடுறதெண்டால் நாளைக்குப் பாதை திறந்திருக்கும், வேலை இருக்கும், வீடு இருக்கும் எண்ட நம்பிக்கை வேணும். எங்களுக்கு முந்தின தலைமுறைகளிடமிருந்து அந்த நம்பிக்கை கொஞ்சமில்லை, பல தடவை பறிக்கப்பட்டது. சண்டைகளின் திகதிகள் புத்தகங்களில் இருக்கு. எந்தத் தியேட்டரில் என்ன படம் பார்த்தார்கள், எந்த ரெயினில் எந்தப் பெட்டியில் இருந்தார்கள், கடைசியாக எப்ப திரும்பி வந்தார்கள் எண்டது அம்மம்மாமாரிட்டயும் தாத்தாமாரிட்டயும்தான் இருக்கு. அடுத்த லீவுக்குப் போகேக்க கேட்டு எழுதிவையுங்கோ. அவையளும் கனகாலத்துக்கு இருக்கப்போறதில்லை.