கையும் விளக்கும்

கொங்கு நாட்டுக்காரனுடைய பேச்சில் மரியாதை அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். 'ஏனுங்க' என்று ஆரம்பித்துச் சண்டை போடும்போதுகூட அந்த 'ங்க'வை விடமாட்டான். இந்த மரியாதை வாயோடு நின்றுவிடவில்லை, சாலையிலும் உண்டு என்பது என் கட்சி. எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தின் ஊடே போகிற மேட்டுப்பாளையம் சாலையே அதற்குச் சாட்சி.

இந்தச் சாலையின் பெருமையெல்லாம் அது போய்ச் சேரும் மலையால் வந்தது. கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறிப் பார்த்தார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் அவர் போட்ட பாதை 1823-ல் முடிந்தது. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. 1899-ல் மலை ரயில் குன்னூரைத் தொட்டது. இடைப்பட்ட காலத்தில் மேட்டுப்பாளையத்தில் இறங்கியவர்கள் குதிரை டோங்காவிலும் மாட்டு வண்டியிலும்தான் மலை ஏறினார்கள்.

குறுகிய மலைப்பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் யார் ஒதுங்குவது? இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். ஏறுகிறவன் போக வேண்டும். இதிலே பெரியவர், சின்னவர் என்ற பேச்சு இல்லை. பாரத்தோடு ஏறுகிற மாட்டை நடு மேட்டில் நிறுத்திவிட்டால் மறுபடி இழுக்க வைப்பது பிரம்மப் பிரயத்தனம். வண்டி பின்னோக்கி உருண்டாலும் உருளும். இதை நம்மவர்தான் கண்டுபிடித்தார்கள் என்று மார் தட்ட வேண்டாம். மலையுள்ள தேசங்கள் பலவற்றிலும் இதே நியாயம்தான்.

பிறகு மோட்டார் வந்தது. 1920-ல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டினார். சில வருஷங்களில் அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. மாடு போய் எஞ்சின் வந்தாலும் மேட்டின் நியாயம் மாறவில்லை. 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளில் சர்க்காரும் அதை எழுதி வைத்தது: பாதை குறுகலான இடத்தில், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். வண்டிக்காரனுக்குத் தெரிந்த விஷயம் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

புத்தகத்தில் இருந்தது உருமாறி, வழக்கமாகிப்போன கதையும் உண்டு. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அதே 1989 விதிகளில் கைச் சைகைகள் இருந்தன. வலப்பக்கம் திரும்புகிற டிரைவர் வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை முன்னே பார்க்க அசையாமல் வைத்திருக்க வேண்டும். பின்னால் வருகிறவனை 'நீ முந்திப் போ' என்று சொல்ல விரும்பினால், அதே கையை முன்னும் பின்னும் வீச வேண்டும். அசையாத கைக்கு ஓர் அர்த்தம். வீசுகிற கைக்கு வேறோர் அர்த்தம். குழந்தைக்குக்கூடக் குழப்பம் வராது.

கையின் வேலையை விளக்கு எடுத்துக்கொண்டது. விளக்குக்கு மினுக்கத்தான் தெரியும். டிரைவர்கள் என்ன செய்தார்கள்? 'திரும்புகிறேன்' என்பதற்கும் வலப்பக்க விளக்கு, 'முந்திப் போங்க' என்பதற்கும் அதே விளக்கு! வீசிய கையைத்தான் விளக்காக மொழிபெயர்த்தார்கள் என்பது என் ஊகம். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். எதிரே வண்டி இல்லை என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்வது மரியாதை அல்லாமல் வேறென்ன?

ஆனால் இந்த மரியாதை ஆளைக் கொல்லும். எங்கள் பக்கத்தில் பெரிய சாலையிலிருந்து கிராமத்துப் பாதை கிளம்பும் இடத்துக்குப் 'பிரிவு' என்று பெயர். வீரபாண்டிப் பிரிவு போல, வழி நெடுகப் பிரிவுகள். அங்கே ஒரு லாரி வலப்பக்க விளக்கைப் போடுகிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற பையன், 'அண்ணன் வழிவிடுகிறார்' என்று வேகத்தைக் கூட்டுகிறான். அண்ணனோ பிரிவுக்குள் திரும்புகிறார். யாரைக் குற்றம் சொல்வது? இருவரும் ஒரே பாஷையைத்தான் பேசினார்கள். அந்தப் பாஷையில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்.

முன்விளக்கை மினுக்குவதும் இப்படித்தான். இங்கிலாந்தில் 'நீங்கள் போகலாம்' என்று வழிவிடுகிறவர்கள் அதைச் செய்வதுண்டு. நம் ஊரில் 'நான் வருகிறேன், விலகு' என்று அர்த்தம். அங்கே பழகியவர் இங்கே வந்து ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பஸ் கண்டக்டரின் விசிலைப் பாருங்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் புறப்படு. இத்தனை கூட்டத்திலும், இரைச்சலிலும் அது தவறுவதில்லை. இரண்டு விஷயத்துக்கு ஒரே விசில் என்று எந்தக் கண்டக்டரும் சிக்கனம் பிடிக்கவில்லை.

எழுதாத வழக்கங்கள் எல்லாம் ஒழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1962-ல் எங்கள் ஊரில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியது. ஷிப்டு விடும் நேரத்தில் சைக்கிளிலும் நடையிலுமாக வீடு திரும்புகிற கூட்டத்தைக் கண்டு வேகம் குறைக்கிற டிரைவருக்கு எந்தச் சட்டப் புத்தகமும் கற்றுக்கொடுத்திருக்காது. இப்போது ஊருக்கு மேலே மேம்பாலம் போகிறது. மேலே போகிறவனுக்குக் கீழே இருக்கிறவன் முகம் தெரிவதில்லை. முகம் தெரியாத இடத்தில் வழக்கம் தளரும். அங்கே சட்டம்தான் துணை.

மேட்டின் நியாயம் இருநூறு வருஷமாக நிற்கிறது என்றால், அதற்கு ஒரே ஒரு பொருள்தான் என்பதே காரணம். விளக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே, முன்னால் போகிற லாரி பிரிவின் அருகே வலப்பக்க விளக்கைப் போட்டால், அது திரும்பப் போகிறது என்றே எடுத்துக்கொண்டு பின்னால் நில்லுங்கள். வழிவிடத்தான் போட்டிருந்தார் என்றால், உங்களுக்கு அரை நிமிஷம் நஷ்டம். அவ்வளவுதானுங்க.