சேம அச்சும் சீல் பேரிங்கும்

போன மாசம் குன்றக்குடி போயிட்டு வரும்போது எங்க பழைய கார்ல முன்பக்கமிருந்து ஒரு முனகல். டயர் தேய்ஞ்சிருக்கும்னு ரெண்டு வாரம் விட்டுட்டேன். ஒருநாள் பேத்தியை ஏத்திக்கிட்டுப் போறப்ப, பிள்ளையார்பட்டிப் பக்கம் ஒரு வளைவுல வலது பக்கம் ஒடிச்சதும் சத்தம் கூடிருச்சு. காரைக்குடியில மெக்கானிக் தம்பி ஜாக்கி போட்டு, இடது சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். ஆடுச்சு.

"அண்ணே, பேரிங் போயிருச்சு. வலது பக்கம் திரும்பினா பாரம் இடது சக்கரத்துல உக்காரும், அதான் கத்துது. இன்னும் ஓட்டியிருந்தீங்கன்னா சக்கரம் உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிருக்கும்."

எங்க அப்பா இருந்திருந்தா ரெண்டு வாரம் விட்டிருக்க மாட்டார். மாட்டுவண்டி சக்கரத்துக்கு நடுவுல இருக்கிறது குடம். நாட்டுக் கருவேல மரத்துல கடைஞ்சது. அதுக்குள்ள அச்சு, அச்சு நுனியில கடையாணி. வைக்கோலை எரிச்ச கரியில விளக்கெண்ணெய் விட்டுக் குழைச்ச வண்டி மை, மூங்கில் குழாய்ல வண்டிக்கு அடியில தொங்கும். 'கிரீச்'னு ஒரு சத்தம் கேட்டாப் போதும். வண்டியை நிறுத்தி, கடையாணியை உருவி, மை தடவிட்டுத்தான் மறுபடி மாட்டை ஓட்டுவார்.

இந்தக் கவலை ரொம்பப் பழசு. உப்பு வண்டி ஓட்டின உமணர்கள் வண்டிக்கு அடியில இன்னொரு அச்சையும் கட்டிக்கிட்டுப் போவாங்க. அதுக்குப் பேரு சேம அச்சு. புறநானூறு 102-ல ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்குத்தான் ஒப்பிடுறார். வழியில முறிஞ்சா மாத்திக்க ஆள் தேட வேண்டியதில்லை.

அச்சும் குடமும் ஒண்ணோட ஒண்ணு உரசுறதுதான் பிரச்சினை. நடுவுல குண்டு போட்டா உரசாம உருளுமேன்னு 1794-ல வேல்ஸ் நாட்டுல கார்மார்தன் ஊர் இரும்புப் பட்டறைக்காரர் பிலிப் வான் காப்புரிமை வாங்கினார். அதுவும் வண்டி அச்சுக்குத்தான். (நாம ஸ்டெப்னின்னு சொல்றோமே, அதுவும் பக்கத்து லானெல்லி ஊர்ல இருக்கிற ஒரு தெருவோட பேருதான்.) ஆனா எல்லாக் குண்டும் ஒரே அளவா இருந்தாத்தான் பாரம் சமமா விழும். அதுக்கு மெஷின் வந்தது 1883-ல, ஜெர்மனியில ஷ்வைன்ஃபுர்ட் ஊர்ல, ஃபிரீட்ரிக் ஃபிஷர் கையால. இந்தக் குண்டு எவ்வளவு முக்கியம்னா, 1943-ல அமெரிக்க விமானங்கள் அந்த ஊரைத் தேடிப் போய் குண்டு போட்டுச்சு. பேரிங் இல்லாம டாங்கியும் ஓடாது, விமானமும் பறக்காது. நம்ம நாட்டுல 1946-ல ஜெய்ப்பூர்ல பேரிங் கம்பெனி வந்துச்சு. எங்க பக்கம் பேரிங் முதல்ல எங்க கண்ணுல பட்டது கார்ல இல்லை, டயர் வண்டியில.

1898-ல ஹென்றி டிம்கன் காப்புரிமை வாங்கின கூம்பு உருளை பேரிங்கை, அந்தக் காலத்து கார்கள்ல கழட்டி, கிரீஸ் அடைச்சு, நட்டை அளவாத் திருகி மாட்டலாம். நட்டு கழலாம இருக்க ஒரு ஸ்பிளிட் பின். நம்ம கடையாணியேதான்! இப்ப வர்றது சீல் பண்ணினது. மை போட வழியே இல்லை. கெட்டா முழுசா மாத்தணும்.

சில வண்டியில ஹப்பும் பேரிங்கும் ஒட்டினாப்புல ஒரே சாமானா வரும், நாலு போல்ட்டோட வேலை முடிஞ்சிரும். எங்களதுல அப்படியில்லை. சக்கரம் தரையில இருக்கும்போதே அச்சு நட்டைத் தளர்த்தினார். பிரேக் காலிப்பரைக் கழட்டி, ஹோஸ்ல தொங்க விடாம கம்பியில கட்டினார். நக்கிளை பிரெஸ்ல வச்சுப் பழசை அமுக்கி எடுத்தார். புதுசை வெளி வளையத்துல மட்டும் அமுக்கி ஏத்தினார். உள் வளையத்துல அமுக்கினா அந்த அழுத்தம் குண்டுல இறங்கி, தடத்துல பள்ளம் விழுந்துரும். போன வருசம் வேற ஒரு பட்டறையில சுத்தியலால அடிச்சு ஏத்தினதை நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். கேக்கத் தெரியலை. கடைசியில புது நட்டுப் போட்டு, டார்க் ரெஞ்ச்ல அளவு பார்த்து முறுக்கினார்.

பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். சுத்தினா கரகரங்குது. பேத்திக்கு அதுல பேரிங் வண்டி வேணுமாம். இன்னும் ரெண்டு தேடணும்.