இதயத் தழும்பு மாதிரிகளில் இழுபடும் சாரம்

மாரடைப்பில் மடிந்த தசையின் இடத்தைக் கொலாஜன் மிகுந்த தழும்பு பிடித்துக்கொள்கிறது. அது தானாகத் துடிக்காது. ஆனால் பக்கத்துத் தசை நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை சுருங்கி விரிய, தழும்பும் கூடவே இழுபடுகிறது. விறைப்பும் வேண்டும், இழுத்தால் நீளவும் வேண்டும் என்ற இந்த இரட்டை நிபந்தனையைத் தீர்க்கும் முயற்சியே ஆய்வகத் தழும்பின் வரலாறு எனலாம். தொடக்கத்தில், செல்களைத் தாங்கும் சட்டமான சாரத்தின் வேலை எளிது. 1997-இல் தாமஸ் எஷன்ஹாகன் குழுவினர் கோழிக்கருவின் இதயச் செல்களைக் கொலாஜனில் கலந்து, வெல்க்ரோ ஒட்டிய கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே வளர்த்தனர் (பையை மூடும் அதே வெல்க்ரோதான்). திசு பற்றிக்கொள்ளவும் அதன் விசையை அளக்கவும் அதுவே போதுமானதாக இருந்தது. 2008-இல் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் முதலியோர் காடைக்கருச் செல்களை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தபோது நிலைமை மாறியது. இதயத்தின் மென்மையுள்ள ஜெல்லில் செல்கள் சீராகத் துடித்தன. தழும்பின் விறைப்புள்ளதில் வீணாக முக்கி, சில நாளில் நின்றுபோயின. மருந்தோ நச்சோ சேர்க்காமலே, அடித்தளம் மட்டும் செல்லை நோயாளியாக்கிவிட்டது.

அப்படியானால் விறைப்பான ஜெல்லே போதாதா? போதாது, அது செல்லை அடக்குமே தவிர, அதோடு சேர்ந்து அசையாது. இங்கேதான் வடிவியல் கைகொடுத்தது. அதே 2008-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் மீள்திறன் கொண்ட பாலிமர் தகட்டில் துருத்தி மடிப்புப் போன்ற தேன்கூட்டுத் துளைகளை லேசரால் வெட்டி, ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் கடினமாகவும் நீளும் சாரம் செய்தனர். 2011-இல் பிரிஸ்பேனில் பால் டால்டன், டீட்மர் ஹட்மாகர் முதலியோர் உருக்கிய பாலிமரை மின்புலத்தால் மெல்லிய இழையாக இழுத்து, நினைத்த கோட்டில் படியவைக்கும் அச்சுமுறையை வெளியிட்டனர். இதில் பெரிதும் பயன்படும் பாலிகேப்ரோலாக்டோன் இதயத்தசையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு விறைப்பானது. நேர்க்கோட்டுச் சதுரவலையாக அச்சிட்டால் சற்றே நீண்டதும் மீளாமல் உருமாறும். அறுகோணமாக அச்சிட்டால் இழை நீளாமலே வலை விரியும். உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2018-இல் இதை மனித இதயச் செல்களோடு காட்டினர்.

டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தை ஊற்றினாலே நார்த்திசு மிகும், அச்சு எதற்கு என்பது நியாயமான மறுப்பு. ஆனால் 2007-இல் போரிஸ் ஹின்ஸ் குழு காட்டியபடி, தழும்புச் செல்கள் விறைப்பான தளத்தை இழுக்கும்போது அதில் செயலற்றுக் கிடக்கும் அதே புரதம் விடுபடுகிறது. வேதியியலைத் தூண்டுவதே இழுவிசை என்றால், இழுவிசை இல்லாத மாதிரி பாதி மாதிரிதான். பிளாஸ்டிக் இழை கொலாஜன் ஆகாது என்ற மறுப்பு இதைவிட வலியது: உண்மைத் தழும்பு வாரக்கணக்கில் இறுகி முதிர்கிறது, அச்சிட்ட வலை அச்சிட்ட நாளிலேயே நிற்கிறது. ஆயினும் அந்த மாறாமையே ஒரு வசதி. மாரடைப்புக்கு உள்ளான எலியின் இதயத்தில் விறைப்பும் அழற்சியும் இரத்தக் குறைவும் பின்னிக் கிடக்கும். வலையில் செல்களை அப்படியே வைத்து இழை இடைவெளியை மட்டும் மாற்றலாம், ஒரே தாளில் நெருக்கமும் தளர்வுமாக அச்சிட்டு, துடிப்புக் கோளாறுகள் பிறக்கும் தழும்பின் விளிம்பையும் வரைந்துவிடலாம்.