கரிசல் காட்டில் ஒரு போன்சாய்

பி.காம் படிக்கிறவனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள்! எனக்கும் போன கோடை வரை தெரியாது. மொட்டைமாடிச் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த சாண் உயர அரசங்கன்றைப் பிடுங்கி, பீங்கான் தட்டில் கரிசல் மண்ணைப் போட்டு நட்டேன். போன்சாய் செய்கிறேனாம்! பத்தே நாளில் மண் பாளம் பாளமாக வெடித்தது, கன்றும் போனது.

"கோயில்ல நிக்க வேண்டிய மரத்தைத் தட்டுல வச்சா எப்படில பொழைக்கும்? பாவம்ல!" என்றாள் ஆச்சி.

அது ஏன் செத்தது, இது பாவமா இல்லையா என்று தேடப் போய் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். பெயர் ஜப்பானியப் பெயர், பிறந்த வீடு சீனா. அங்கே இதைப் 'பென்ஜிங்' என்பார்கள். கி.பி. 706-ல் கட்டப்பட்ட ஓர் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், குட்டிச் செடியும் கல்லும் வைத்த தட்டை ஒரு பணியாள் ஏந்தி நிற்கிறார். அதே எட்டாம் நூற்றாண்டில்தான் நம்ம கழுகுமலையில் பாண்டியர் காலச் சிற்பிகள் வெட்டுவான் கோவிலுக்காக மலையைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பானில் 'ஹாச்சி நோ கி' என்று ஒரு பழைய நோ நாடகம் உண்டு. சொத்தை இழந்த ஒரு ஏழைச் சாமுராய். பனி கொட்டும் இரவில் ஒரு துறவி வந்து கதவைத் தட்டுகிறார். அடுப்பில் வைக்க விறகில்லை. ஆசையாய் வளர்த்த பிளம், செர்ரி, பைன் என்ற மூன்று தொட்டி மரங்களையும் வெட்டி எரித்து விருந்தாளிக்குக் குளிர் காய வைக்கிறார். வந்தவர் மாறுவேடத்தில் இருந்த ஆட்சியாளர் ஹோஜோ தொக்கியோரி! பிறகு அந்த மூன்று மரங்களின் பெயரைக் கொண்ட மூன்று ஊர் நிலங்கள் சாமுராய்க்குக் கிடைக்கின்றன. சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டே பிழைக்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விறகின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு மரத்தை எரிக்க மனசு வலிக்கும் என்பதை இந்தக் கதையில்தான் பார்த்தேன்.

1923-ல் டோக்கியோவைப் பூகம்பம் உலுக்கியது. அங்கிருந்த போன்சாய்க்காரர்கள் பலர் ஓமியாவுக்குப் பெயர்ந்து, 1925-ல் ஒரு போன்சாய் கிராமத்தையே உருவாக்கினார்கள்.

என்னை உலுக்கியது இன்னொரு மரம். 1625 முதல் வளர்க்கப்பட்ட ஒரு வெள்ளைப் பைன், ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்துக்கு ஏறக்குறைய 3 கி.மீ. தள்ளி, தோட்டச் சுவருக்குப் பின்னால் நின்று தப்பித்தது. 1976-ல் ஜப்பான் அமெரிக்காவுக்குப் பரிசளித்த 53 போன்சாய்களில் அதுவும் ஒன்று. குண்டு போட்ட நாட்டுக்கே! தப்பித்த கதையை அந்தக் குடும்பத்துப் பேரன்கள் 2001-ல் வாஷிங்டனுக்குப் போய்ச் சொன்ன பிறகுதான் அங்கிருந்தவர்களுக்கே தெரிந்தது. கணக்கியலில் சொத்துக்குத் தேய்மானம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். இதற்கு எப்படி எழுதுவது?

சரி, என் கன்று ஏன் செத்தது? போன்சாய் என்பது குட்டை ஜாதி மரம் அல்ல, பட்டினி போட்டு வளர்ப்பதும் அல்ல. வேரையும் கிளையையும் அவ்வப்போது கத்தரித்து, கம்பி சுற்றி வளைப்பார்கள். தரையில் நட்டால் எல்லா மரத்தையும் போல வளரும். தட்டு ஆழமில்லாததால் கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் தேங்கவும் கூடாது. கரிசல் மண்ணோ நனைந்தால் உப்பி நீரைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கி வெடித்துச் சல்லிவேரை அறுக்கும். பருத்திக்கு வரமாக இருக்கும் மண் போன்சாய்க்கு எமன்.

பாவமா என்ற கேள்விக்கு, கத்தரிப்பதை விடத் தண்ணீர் ஊற்ற மறப்பதுதான் பாவம் என்று எனக்குப் படுகிறது. மலைப் பாறை இடுக்கில் ஆலும் அரசும் ஆளுயரம்கூடத் தாண்டாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி இயற்கையே குறுக்கிய மரங்களைத் தோண்டி வந்து வளர்ப்பதற்கு ஜப்பானில் 'யமாதோரி' என்று தனிப் பெயரே உண்டு.

இப்போது இரண்டாவது கன்று. செம்மண், ஆற்று மணல், செங்கல் பொடிஜல்லி கலந்து வைத்திருக்கிறேன். நாலு இலை விட்டிருக்கிறது. அரிசி களைந்த தண்ணீரை ஆச்சி தினமும் காலையில் அதற்கு ஊற்றுகிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.